மூன்று விரல் நீர்

வால்வு மூடியிருந்தது, மோட்டார் ஓடவில்லை, வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஆனாலும் வீட்டுக் குளத்தில் தண்ணீர் ஏறியிருந்தது.

பால் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில், சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கத்தை விரட்டுவதற்காகக் கைப்பேசியைத் திறந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். நீர்மட்டத்தைக் காட்டும் நீலக் கோடு காலையிலிருந்து வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று செங்குத்தாக மேலே ஏறி, சிறிது நேரம் அங்கேயே அசையாமல் நின்று, பிறகு ஏறிய அதே அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூன்று விரல் அகலம் இருக்கும். தண்ணீர் விட்டால் கோடு சாய்வாக ஏறும். குழாய் எவ்வளவு வேகமாகக் கொட்டினாலும் சாய்வாகத்தான் ஏறும். நாள் முழுக்கத் தொட்டிகளின் மட்டத்தைப் பார்த்துப் பார்த்தே பழகிய கண் அவளுக்கு. இப்படிப் படிக்கட்டுப் போல் ஏறும் கோட்டைப் பார்த்ததும் அந்தக் கண் ஒரு நொடி இமைக்க மறந்தது.

"என்னம்மா, வீட்டுக் குளத்துக்கும் ஷிப்டு போட்டாச்சா?" என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார் ஃபோர்மேன்.

அவள் கைப்பேசியை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"உள்ள எதோ விழுந்திருக்கு. போன வருஷம் மூணாவது தொட்டில ஏணி விழுந்துச்சே, அப்ப இப்படித்தான் காட்டுச்சு."

"விழுந்தது திரும்ப வெளிய வருமா சார்?"

"ஏணி வராது," என்று சிரித்துவிட்டு அவர் தேநீர் வாங்கப் போனார்.

அந்தக் குளம் வீட்டோடு வந்தது. வாடகைக்குப் பார்க்கப் போன அன்றே அவள் கணவனுக்கு அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அகலம், நெஞ்சளவு ஆழம், கரையெல்லாம் வழுவழுவென்ற சாம்பல் நிறக் கல். எதற்காகக் கட்டினார்கள் என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. அவளுடைய வேலைக்காகத்தான் அந்த ஊருக்கு வந்தார்கள். அவன் வீட்டிலிருந்தபடியே கட்டடங்களுக்கு வரைபடம் வரைபவன். புது ஊரில் பேச ஆள் இல்லை. சிவப்பும் வெள்ளையுமாகக் கொஞ்சம் மீன்களை வாங்கி விட்டான். அவற்றோடுதான் அவனுக்குப் பொழுது போயிற்று. வெயில் காலத்தில் தண்ணீர் குறையக் குறைய ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சில நாள் குழாயைப் போட்டுவிட்டு மறந்துவிடுவான், கொல்லை முழுக்கச் சேறாகிவிடும்.

கல்யாண நாளுக்கு அவள் கொடுத்த பரிசுதான் அந்தத் தானியங்கி. தண்ணீரின் மேல் ஒரு கம்பியில் சென்சார். குறைந்தால் திறந்து நிறைந்தால் மூடும் வால்வு. மழையில் மிஞ்சினால் வெளியேற்ற ஒரு மோட்டார். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. விடுமுறை நாள் ஒன்று முழுவதும் இருவரும் சேர்ந்து அதை மாட்டினார்கள். அவன் திருப்புளி எடுத்துக் கொடுத்தான், ஒயரைப் பிடித்துக்கொண்டான், ஒவ்வொன்றும் எதற்கென்று குழந்தை மாதிரி கேட்டான். "இனிமே குழாயைப் பிடிக்கற வேலை மிச்சம்டா," என்றாள் அவள். "அப்ப நான் என்ன செய்வேன் இஞ்சினியரம்மா?" என்று கேட்டு அவள் மூக்கில் சேற்றைத் தடவினான்.

கோடு படிக்கட்டாக ஏறிய அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "மதியம் குளத்துல எதாவது விழுந்துச்சா?"

"இல்லையே. ஏன்?"

"மட்டம் திடீர்னு ஏறி இறங்கியிருக்கு."

"சென்சார்ல சிலந்தி கட்டியிருக்கும்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். சொல்வதற்கு முன் அவன் கை ஒரு கணம் நின்றது.

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். சிலந்தி இல்லை, பூச்சி இல்லை, சென்சாரின் முகத்தில் தூசிகூட இல்லை. தண்ணீருக்கு மேல் குனிந்தபோது ஒரு வாடை வந்தது. பாசியின் வாடை அல்ல, மீனின் வாடையும் அல்ல. பல காலம் மூடிக் கிடந்த இரும்புத் தொட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டால் வருமே, அந்த வாடை. மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, வால்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தன.

மறுநாளும் கோடு ஏறியது. அதற்கடுத்த நாளும். அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஒருபோதும் ஏறவில்லை. பகலில், அவள் ஆலையில் இருக்கும்போது, எதிர்வீட்டுக்காரர்களும் வேலைக்குப் போய்விட்டு அந்தத் தெருவே உறங்கும் நேரத்தில்தான் ஏறியது. ஆலையின் ஸ்டோரிலிருந்து நல்ல சென்சார் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து மாற்றினாள். அப்போதும் அதே மூன்று விரல். மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கேட்டால், "பூனை," என்றான். பிறகு ஒருநாள் ஒன்றுமே இல்லை. "நண்பன் ஒருத்தனுக்குக் குடுத்துட்டேன்," என்றான். இந்த ஊரில் அவனுக்கு நண்பனே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முடிவெட்டப் போயிருந்தபோது அவள் குளத்தில் இறங்கினாள். இஞ்சினியர் புத்திதான் அவளை இறக்கியது: எவ்வளவு பெரியது என்று தெரியவேண்டும். கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லைப் பிடித்து மெல்ல இறங்கி, மூச்சைப் பிடித்துத் தலைவரைக்கும் முழுகி எழுந்து, எட்டிப் பார்த்தாள். அவள் முழுசாக முழுகியும் கோடு ஒரு விரல்தான் ஏறியிருந்தது.

தண்ணீர் சில்லென்று இருந்தது. ஓரமாக நகர்ந்து வந்தாள். கிழக்கு மூலையை நெருங்கியபோது அவள் காலைச் சுற்றித் தண்ணீர் வெதுவெதுப்பாக மாறியது. வெயில் அந்தப் பக்கம் படுவதே இல்லை. கையை விட்டுத் துழாவினாள். வெதுவெதுப்புக்கு ஓர் எல்லை இருந்தது, நீளம் இருந்தது, அகலம் இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையின் சூடு.

எப்படிக் கரையேறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. முழங்கால் கல்லில் உரசித் தோல் வழன்றிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"யாரு வர்றா?"

"எங்க?"

"இங்க. நான் இல்லாதப்ப. யாராவது வந்தா சொல்லிடு. அழுவேன், கத்துவேன், அப்புறம் சும்மா இருந்துடுவேன். தெரியாம இருக்கறதுதான் என்னால முடியல."

சொல்லும்போதே, ஒரு பெண்ணாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பேர் சொல்லித் திட்டலாம். முடியைப் பிடித்து இழுக்கலாம். அவன் எழுந்து வந்து அவள் தலையில் கையை வைத்தான்.

"உன்மேல சத்தியமா எந்தப் பொண்ணும் வரல."

அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவள் நம்பினாள், நம்பத்தான் வேண்டியிருந்தது. தலையிலிருந்த கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். விரல் நுனிகள் சுருங்கி, வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறியவன் கைபோல் இருந்தன. சிங்க்கில் பாத்திரங்கள் கழுவாமல் அப்படியே கிடந்தன.

அதற்குப் பிறகு கோடு ஏறவில்லை.

மறுநாள் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. வெயிலுக்கு மெல்லச் சரிவதும், வால்வு திறந்து நிரப்புவதுமாகக் குளம் ஒழுங்காக இருந்தது. அவனும் பழையபடி கலகலப்பாக இருந்தான். அவள் குளித்துவிட்டு வந்தால் தலையைத் துவட்டிவிட்டான். "இளைச்சுட்டியா, ஏறிட்டியா?" என்று விளையாட்டாக அவளைத் தூக்கிப் பார்த்தான். தோளிலிருந்து தோளுக்குச் சாணால் அளந்தான். "என்னடா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி அளக்கற?" என்று அவள் சிரித்தாள். தான் கட்டியவனைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மதியம். ஆலையில் கொதிகலன் பழுதாகி எல்லாம் நின்றிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவள் கைப்பேசியை எடுத்து, முந்தின நாள் கோட்டையும் அதற்கு முந்தின நாள் கோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். மதியத்துக்குமேல் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஏறக்குறைய ஒன்று அல்ல. மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. காற்றடித்தால் தண்ணீர் அலையும், கோடு நடுங்கும். இந்தக் கோடு நடுங்கவே இல்லை. செத்தவன் நாடிபோல் நேராகப் போனது.

பெட்டிக்குள் ஓடும் கணினி நிரலைக் கைப்பேசியிலேயே திறந்தாள். அவள் எழுதிய வரிகளுக்கு நடுவே அவள் எழுதாத வரிகள் இருந்தன.

தட்டுத்தடுமாறி எழுதியவை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை எழுதியதுபோல் ஒரு வேலையை நான்கு தடவை சுற்றிச் செய்திருந்தன. ஆனால் வேலை சரியாக நடந்தது: மதியம் வந்ததும் சென்சார் சொல்வதைக் கேட்காதே, பழைய கோட்டையே காட்டு. கீழே இன்னொன்று: தண்ணீர் நிறையும் மட்டத்தை ஒரு முழம் உயர்த்து. கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே வைத்ததுதான். திருப்புளியை நீட்டிக்கொண்டு அவன் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் ஆசை ஆசையாய்ப் பதில் சொன்னாள். அந்தப் பதில்களைக் கொண்டுதான் அவன் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறான். அவளுடைய மொழியிலேயே. அவள் கொடுத்த பரிசுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு.

அந்த வரிகளை அழித்தாள்.

திரை ஒருமுறை வெறுமையாகி, உண்மையான கோடு வந்தது. நிறைந்த மட்டத்துக்கும் மேல் அது மூன்று விரல் உயரத்தில் நின்றது. இறங்கவே இல்லை. அதற்கு மேல் இன்னொரு சின்னப் படி. ஒரு விரலுக்குச் சற்றுக் கூட. ஓர் ஆண்பிள்ளையின் அளவு.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினாள். வழியெல்லாம் அவனை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தெருவிளக்குகள் நேரத்துக்கு முன்னே எரிந்துகொண்டிருந்தன. மழை வருவதற்கு முந்தைய அந்தப் பழுப்பு வெளிச்சத்தில் வீடுகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தன. ஒரு நாய் குரைக்கவில்லை, ஓர் இலை அசையவில்லை. வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

"எங்க இருக்க?"

கூடத்தில் அந்த வாடை இருந்தது. குளத்தோரத்தில் மட்டும் இருந்த அந்த இரும்புத் தொட்டி வாடை இப்போது திரைச்சீலையில், சோபாவில், காற்றில் எல்லாம் ஏறியிருந்தது. வரைபட மேசையில் விளக்கு எரிந்தது. குளியலறைக் கதவு பாதி சாத்தியிருக்க, உள்ளே இருட்டு. அவள் அங்கே பார்க்கவில்லை. அவள் கண்ணில் பட்டதெல்லாம் பின்கதவோரம் மடித்து வைத்த அவனுடைய சட்டைதான். சட்டைமேல் மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் செருப்பு, ஜோடியாக.

பொய், ஏமாற்று, கோபம் எல்லாம் அந்தக் கணமே கழன்று போயிற்று. முழுகிவிட்டான். அந்த ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. முழுகிவிட்டான், என் புருஷன் முழுகிவிட்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

குளம் கரையோடு கரையாக நிறைந்திருந்தது. ஓர் அலை இல்லை. கறுப்புக் கண்ணாடியைப் படுக்கவைத்ததுபோல் இருந்தது. மண்டியிட்டுக் கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். வெதுவெதுப்பு. இப்போது மூலையில் மட்டும் இல்லை, எங்கும். துழாவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாதவரைக்கும் தட்டுப்பட வேண்டும் என்று வேண்டினாள். விரல்களுக்குக் கீழே தண்ணீர் மெல்ல ஒதுங்கி வழிவிட்டபோது, எதுவும் தட்டுப்படக்கூடாது என்று கையை உருவிக்கொண்டாள்.

கைப்பேசி. மோட்டார். வெளியேற்று.

அழுத்தினாள். கொல்லையின் கோடியில் மோட்டார் உறுமி, வெளிக்குழாயில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. வடியட்டும். எல்லாம் வடியட்டும். அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்துவிடலாம்.

பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

திரும்பினாள். கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். உயிரோடு. தலைமுடியிலிருந்து நீர் சொட்ட, மார்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு. பாதி சாத்தியிருந்த குளியலறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறான். அவனைத் தாண்டித்தான் அவள் ஓடிவந்திருக்கிறாள்.

எழுந்து ஓடிப்போய்க் கதவைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"கதவத் திற!"

அவன் தலையை ஆட்டினான். மாட்டேன் என்று. அழுதுகொண்டிருந்தான்.

"என்னடா பண்ற? திற! உள்ள என்னமோ இருக்குடா!"

"தெரியும்." கண்ணாடி வழியாக அவன் குரல் மெல்லியதாக வந்தது. "நீ போயிடுவ. நாள் பூரா நான் ஒத்தையா. அது பேசுச்சு. நான் சொல்றதெல்லாம் கேட்டுச்சு."

"எதுடா?"

"கூட ஒரு ஆள் வேணும்னுச்சு. உள்ள. மொதல்ல என்னைத்தான் கேட்டுச்சு." அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். "எனக்கு பயமா இருந்துச்சு. அதான்... உன்னப் பத்திச் சொன்னேன்."

அவளுக்குக் காதில் விழுந்தது. புரியவில்லை. புரிந்தது.

"தொட்டியும் தண்ணியுமாவே இருக்கறவளாச்சே, உனக்கு ஒண்ணும் கஷ்டமா இருக்காதுன்னு..." என்றான் அவன். அவளுக்கு நல்லது செய்தவன்போல் சொன்னான்.

அவள் கண்ணாடியைக் கையால் அறைந்தாள். காலால் உதைத்தாள். கத்தினாள். உறங்கும் தெருவில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. கொல்லையைச் சுற்றி மதில். மதிலுக்குப் போக வேண்டுமானால் குளத்தைத் தாண்ட வேண்டும்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசி அவள் கையில் இருந்தது. கோடு மெல்லச் சரிந்துகொண்டிருந்தது, தண்ணீர் வடிகிற சாய்வு. சரியான சாய்வு. அவளுக்குப் பழகின சாய்வு.

பிறகு கோடு விழுந்தது.

செங்குத்தாக. மூன்று விரல். ஒரே வீழ்ச்சி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை. தண்ணீர் கலையும் ஓசை இல்லை. கல்லில் எதுவும் உரசவில்லை. மோட்டார் மட்டும். அப்புறம் அந்த வாடை. நெருங்கி. மிக நெருங்கி.

அவன் முகத்தைப் பார்த்தாள். பார்க்க வேறு எதுவும் இல்லை. அவன் அழுகை நின்றிருந்தது. அவன் கண்கள் அவளை விட்டு நகர்ந்தன. அவள் தோளுக்குப் பின்னால் போயின. அங்கிருந்து ஏறின. அவள் தலைக்கு மேல். கதவின் உயரத்துக்கு மேல். இன்னும் மேலே.

வகிட்டில் ஒரு சொட்டு விழுந்தது. மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. சொட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, கூச்சத்தோடு, மெல்லச் சிரித்தான். இத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து அவன் ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை.